செலவைச் சொல்லிட்டுப் பங்கை எடு

எங்கள் நெட்டுக்குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிறவனிடம் யாரும் பங்கு பேச மாட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்பதே குற்றம். வலை நனைவதற்கு முன்னால் எவ்வளவு கிடைக்கும், யாருக்கு எவ்வளவு என்று எவனாவது வாயைத் திறந்தால் அன்றைக்குப் போட்டைத் தள்ளாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் கரைக்கு வந்த பிறகு பேசாமல் விடக்கூடாது. மீன் ஏலம் போனதும் போட்டில் போன அத்தனை பேரும் மணலில் வட்டமாகக் குந்துவார்கள். ஒருவர் செலவைச் சத்தமாகச் சொல்வார். டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, சோறு தண்ணி இவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "ஆச்சு" என்பார்கள். யாராவது ஒருவன் ஆச்சு சொல்லாமல் சும்மா இருந்தால் அந்தச் செலவு அங்கேயே நின்றுவிடும். அதைப் பேசித் தீர்க்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. எல்லாச் செலவும் கழிந்த பிறகு மிச்சத்தில் போட்டுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. பக்கத்தில் கருவாடு காயவைக்கிற பெண்கள், ஏலக்காரர், சும்மா நிற்கிறவர் எல்லார் காதிலும் விழும்படித்தான் இது நடக்கும். மறைக்கிறதற்கு அதில் என்ன இருக்கிறது?

இந்த வழக்கத்தின் முதல் பாதியை வைத்துத்தான் எங்களை வளைத்தார்கள். இரண்டாம் பாதியை நாங்கள்தான் அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

என் அண்ணன் அடிபட்டது எண்ணூர் விரைவுச் சாலையில். காசிமேட்டில் எஞ்சினுக்கு ஏதோ பாகம் வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் பாதி நேரம் வரிசைகட்டி நிற்கும், மீதி நேரம் கண்மண் தெரியாமல் ஓடும். ஓடிய ஒன்று இடது பக்கம் ஒடித்தபோது அண்ணனின் காலில் ஏறிவிட்டது. காலை எடுக்கவில்லை. கம்பி வைத்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் முட்டி இனி மடங்காது என்றார் டாக்டர். மடங்காத முட்டியோடு அலையில் நின்று போட்டைத் தள்ளி எகிறி ஏற முடியாது. நாற்பது வயதுகூட ஆகாத மனிதனுக்குக் கடல் அதோடு முடிந்தது.

நான் கடல் பக்கமே வேலைக்குப் போகாதவள். பி.காம். முடித்துவிட்டு, பாரிமுனையில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் பில் போடுகிறேன். எடை போட்டதற்கு இவ்வளவு, இறக்கியதற்கு இவ்வளவு, கிடங்கு வாடகை இவ்வளவு என்று நாள் முழுவதும் வரி வரியாக அடிப்பேன். எங்கேயாவது 'இதர செலவு' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், பார்ட்டி போன் போட்டு என்னைத் தாளித்துவிடுவார். அது அவர் உரிமை. நானும் பதில் சொல்வேன்.

அண்ணன் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்த மறுநாளே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கட்டிலுக்கு வந்தார். கையில் பெரிய ரொட்டி ஒன்று, பையில் சாத்துக்குடி. எங்களுக்கு அவர் உறவும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. எந்தக் கட்டிலுக்குப் புதிதாகக் கால் உடைந்தவன் வந்திருக்கிறான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அழுதுகொண்டிருந்த வீட்டில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? அவர் அண்ணிக்கு ஆறுதல் சொன்னார். பால் வாங்கிவந்து ரொட்டியை நனைத்து, வலியில் அழுதுகொண்டிருந்த அண்ணனுக்குத் தன் கையாலேயே ஊட்டினார். பிறகுதான் தான் ஒரு வக்கீலின் குமாஸ்தா என்றார். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு, நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். அண்ணன் படுத்தபடியே வக்காலத்தில் போட்டான். கூடவே சில வெள்ளைத் தாள்களிலும் போட்டான்.

ஃபீஸ் எவ்வளவு என்று நான் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் பணம் வந்தப்புறம் பேசிக்கலாம்மா. இப்ப ஆளைப் பாருங்க."

அண்ணன் அந்த வலியிலும் என்னை முறைத்தான். அந்த ஒரு பேச்சிலேயே அவனுக்கு மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. வலை இறங்குவதற்கு முன்னால் பங்கு பேசாதவர் என்றால் நம்ம ஆள்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் குப்பத்துப் பெண். கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எங்களைப்போல ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. வாய்தா, மறுபடி வாய்தா. ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர்கள் குழுவிடம் காட்ட ஒரு நாள், சாட்சி சொல்ல ஒரு நாள். நடுவில் ஒரு நாள் குமாஸ்தா வந்து அண்ணனை யானைக்கவுனிப் பக்கம் ஒரு பேங்குக்கு அழைத்துப்போனார். கேஸ் பணம் அண்ணன் பெயருக்குத்தான் வரும், அதற்கென்று ஒரு கணக்கு வேண்டுமாம். எண்ணூரில் ஏற்கெனவே இருக்கிற கணக்கு ஏன் ஆகாது என்று கேட்டதற்கு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாராம். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் ஆபீஸில் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். செக் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார். கணக்கில் கொடுத்த போன் நம்பர் அவருடையது. ஆக, கணக்கு எங்களுடையது, கணக்கில் என்ன நடக்கிறது என்கிற சேதி அவருக்கு.

அண்ணன் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. அவனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். பழைய ஃபைபர் போட்டு ஒன்றை எஞ்சினோடு வாங்கிக் கரையில் போட வேண்டும். ஆள் கடலுக்குப் போகாவிட்டாலும் போட்டுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு வந்தால் அண்ணி கூடை தூக்கித் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு ஓடவேண்டியதில்லை, அவனும் எவன் கையையும் பார்த்து நிற்கவேண்டியதில்லை. காசிமேட்டில் விலைக்கு வந்த ஒரு நீலப் போட்டைப் பார்த்து வைத்திருந்தான். பஸ் ஏறிப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். எங்கே போனாய் என்றால் சும்மா என்பான். அண்ணிக்கும் எனக்கும் தெரியும், அதற்கு மேல் கேட்க மாட்டோம்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. எவ்வளவு என்று நான் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டேன். கோர்ட்டு எதையும் ஒளிக்கவில்லை. வருமானத்துக்கு இவ்வளவு, வலிக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு என்று நான் பில் போடுகிற மாதிரியே வரி வரியாகப் போட்டிருந்தது. நீலப் போட்டுக்கு அது தாராளமாகப் போதும். அண்ணனிடம் சொன்னபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அழுகிறதை நான் பார்க்கக்கூடாது என்று போனான்.

கொஞ்ச நாள் கழித்துக் குமாஸ்தா அந்த செக் தாள்களை வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து ஒரு தடித்த உறையை அண்ணன் கையில் வைத்தார். எல்லாம் போக மிச்சம் இது என்றார். தீர்ப்பில் பார்த்ததற்குப் பாதிதான் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். எல்லாம் என்றால் எது எது என்று கேட்டேன். ஃபீஸ், செலவு என்றார். என்ன செலவு என்றேன். வருஷக்கணக்காக நடந்த கேஸில் ஆயிரம் இருக்கும், அதையெல்லாம் பொம்பளைங்க கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்றார். உறையை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி அவர் சட்டைப்பையில் செருகினேன். கணக்கைச் சொல்லிவிட்டு வக்கீல் ஐயாவையே கொடுக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் வீட்டில் எனக்கு அர்ச்சனை ஆரம்பித்தது. இதுவும் வராமல் போனால் என்ன செய்வாய் என்று அண்ணி கேட்டாள். அந்தப் பயம் பொய்யில்லை. பாஸ்புக் அவர்களிடம், கையெழுத்துப் போட்ட தாள்கள் அவர்களிடம், எங்கள் கையில் இருந்தது ஒன்றுமில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இன்னாத்துக்கு பாப்பா பேஜாரு பண்ற? தேன் எடுத்தவன் புறங்கைய நக்காம இருப்பானா?"

"நக்கட்டும்ணா. இவன் பானையவே இல்ல தூக்கினு போறான்."

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். குப்பத்திலும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். வக்கீலைப் பகைத்துக்கொள்ளாதே என்றார்கள். பெண்பிள்ளை படித்தால் இப்படித்தான் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பழமொழி சொல்கிற ஊர்தான் இது. வக்கீல் ஆபீஸ் என்றதும் அளக்கவே வேண்டாம் என்றது. என் பக்கம் பேசியவர் ஒரே ஒருவர். அண்ணன் போன போட்டில் செலவு சொல்கிற சித்தப்பா. நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை, நாம் தினமும் கரையில் கேட்பதைத்தான் கேட்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அப்படியென்றால் அங்கே போய்க் குந்துவோம் என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை எல்லாரும் கிளம்பினோம். நான், அண்ணி, சித்தப்பா, போட்டில் கூடப் போனவர்கள். அண்ணன் வரமாட்டேன் என்றான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான்.

வக்கீல் ஆபீஸ் யானைக்கவுனியில் எவர்சில்வர் பாத்திரக் கிடங்குக்கு மேல் மாடி. குறுகிய மாடிப்படி. அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, மடங்காத காலை ஒவ்வொரு படியாக இழுத்து ஏறினான். விபத்துக் கேஸ் பார்க்கிற ஆபீஸை இப்படி ஒரு படிக்கு மேல் வைத்தவரை அங்கேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். கைக்கட்டு, ஊன்றுகோல், தலையில் தையல். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாம் நம் பக்கத்து முகங்கள். புருஷன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் மரியாதையான மனிதர்தான். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்துவந்து, அண்ணனை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டார். இங்கேயே பேசலாம் என்றேன். இதெல்லாம் நாலு பேர் முன்னால் பேசுகிற விஷயம் இல்லை என்றார்.

"எங்க ஊர்ல நாலு பேர் முன்னாடிதான் சார் பேசுவோம்."

அவர் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். கேஸ் போடாமல் இருந்திருந்தால் உங்கள் அண்ணனுக்கு ஒரு பைசா வந்திருக்காது என்றார். இத்தனை வருஷம் கையிலிருந்து செலவு செய்தேன், தோற்றிருந்தால் என் பணம்தான் போயிருக்கும் என்றார். எல்லாமே உண்மை. அவர் வாதாடியதை நானே கோர்ட்டில் நின்று பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் வாதாடினார். நாங்கள் ஃபீஸ் கொடுக்க மாட்டோம் என்று வரவில்லை, சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் வந்திருக்கிறோம் என்றேன். சொல்லிவிட்டு, ரசீதும் வேண்டும் என்றேன்.

ரசீது என்றதும் அவர் முகம் மாறியது. செலவுக்கு வேண்டுமானால் தரலாம், மீதி தன்னுடைய பங்கு, அதற்கு ரசீது கிடையாது என்றார். ஏன் என்று கேட்டேன். அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"வர்ற பணத்துல வக்கீல் பங்கு வாங்கக்கூடாதும்மா. எப்படி ரசீது தர முடியும்?"

"கூடாதுன்னா ஏன் சார் வாங்குறீங்க?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்று பார்க்க வக்கீல் திரும்பினார். அதற்குள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் தங்கள் கேஸில் ஃபீஸ் எவ்வளவு என்று தெரியாது. அது அந்த முகங்களிலேயே தெரிந்தது.

சித்தப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஆபீஸ் தரையில் நட்டநடுவே குந்தினார். போட்டு ஆட்களும் சுற்றிக் குந்தினார்கள். அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்தான். அண்ணியும் நானும் குந்தினோம். நிற்பவர்கள் வக்கீலும் குமாஸ்தாவும் மட்டும்தான்.

"செலவச் சொல்லு சார். நாங்க கேட்டுக்கிறோம்" என்றார் சித்தப்பா.

போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் அவர்களிடமும் இதையேதான் கேட்டிருப்போம். பெஞ்சில் இருந்த அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் குமாஸ்தாவுக்குத் தலையசைத்தார். குமாஸ்தா முணுமுணுத்தார். சித்தப்பா ஒவ்வொன்றையும் கரையில் சொல்கிற குரலில் திருப்பிச் சொன்னார். கோர்ட்டு ஸ்டாம்ப். "ஆச்சு." டைப் அடித்தது, நகல் வாங்கியது. "ஆச்சு." ஊனம் பார்த்த டாக்டர் சாட்சிக்கு வந்த செலவு. கொஞ்சம் தயக்கத்தோடு, "ஆச்சு." அண்ணன் மட்டும் வாய்க்குள்ளேயே ஆச்சு என்றான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது ஆஸ்பத்திரிச் செலவு என்றார் குமாஸ்தா. தொகை சின்னதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஏது செலவு என்று அண்ணி கேட்டாள். அவர் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். வார்டில் தகவல் சொன்ன ஆளுக்குக் கொடுத்தது, தன் வரும்படி, அப்புறம் அன்றைக்கு வாங்கி வந்த சாமான் என்று இழுத்தார். என்ன சாமான் என்றேன். ரொட்டி, பழம் என்றார்.

ஒருவரும் ஆச்சு சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்குமே அந்த ரொட்டி ஞாபகம் வந்திருக்கும்.

அண்ணன் தலையைத் தூக்கினான்.

"அது ஆவாது சார். நான் அழுதுகினே துன்ன ரொட்டி அது."

அதற்கு மேல் பேசவேண்டியது அதிகம் இருக்கவில்லை. அந்த வரி நீங்கியது. பங்கு என்கிற பேச்சு நீங்கியது. வக்கீல் தன் உழைப்புக்கு ஃபீஸ் என்று ஒரு தொகை சொன்னார், அது ஒன்றும் கொஞ்சமில்லை. சித்தப்பா வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் ஆச்சு என்றார்கள், அண்ணனும் சொன்னான், நானும் சொன்னேன். வக்கீல் ரசீதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாஸ்புக், கார்டு, மிச்சமிருந்த செக் தாள்கள் எல்லாவற்றையும் மேஜைமேல் வைக்கச்சொல்லி எடுத்துக்கொண்டோம். பாக்கிப் பணம் அடுத்த வாரம் வந்துசேர்ந்தது. நாங்கள் படியிறங்கத் திரும்பியபோது, புருஷன் படத்தோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்துவந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். எங்களுடையதையும் இப்போதே சொல்லிவிடுங்கள் சார் என்று அவள் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

நீலப் போட்டு அதற்குள் விற்றுப்போயிருந்தது. வேறொன்று வாங்கினோம், கொஞ்சம் பழசு. ஏலம் முடிந்ததும் அண்ணன் காலை நீட்டி மணலில் உட்கார்கிறான், போட்டுப் பங்கை வாங்கிக்கொள்கிறான். இன்றைக்கும் கடலுக்குக் கிளம்புகிறவனிடம் அவன் பங்கு பேசுவதில்லை. நானும் பேசச் சொல்ல மாட்டேன். கடலுக்குள்ள வழக்கம் கடலோடு இருக்கட்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மட்டும் கேள், ஃபீஸ் எவ்வளவு, செலவு யார் தலையில், ரசீது உண்டா என்று கேள், பாஸ்புக்கை எவனிடமும் கொடுக்காதே என்று குப்பத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவனை அதே சாலையில் ஒரு லாரி அடித்துவிட்டது. நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். இவர் வேறு ஆள், வேறு ஆபீஸ். கையில் அதே மாதிரி பெரிய ரொட்டி. அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே பாக்கெட்டைப் பிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் காலை இழுத்துக்கொண்டு எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் இரு நைனா. இந்த ரொட்டி யாரு கணக்குல?"